புது தொழில் சட்டம் வருது எண்டா முதல்ல எங்க பாக்கிறது

இலங்கையில தொழில் சட்டத்த மாத்தப் போறம் எண்ட கதை கன நாளா ஓடுது. 2023ல மனுஷ நாணயக்கார தொழில் அமைச்சரா இருக்கக்குள்ள பழைய சட்டங்கள ஒண்டாக்கி ஒரே சட்டமா கொண்டுவரப் பாத்தார், எட்டு மணித்தியால வேலை போயிரும், ஆள நிப்பாட்டுறது லேசாப் போயிரும் எண்டு தொழிற்சங்கங்கள் எதிர்த்து நிண்டாங்க. அடுத்த வரைவு வந்தாலும் இதே சண்டைதான் வரும், அதுக்கு முதல் உங்கட வேலைக்கு எது பொருந்தும் எண்டு பாத்து வைங்க.

முதல்ல வேலை செய்ற இடத்தில தலைய எண்ணுங்க. பகிடி இல்ல. 1971ம் ஆண்டு 45ம் இலக்கச் சட்டம்தான் சங்கங்கள் பொத்திப் பொத்திக் காக்கிறது, ஒழுக்கக் குற்றம் இல்லாம ஆள நிப்பாட்டுறதெண்டா அவர்ட எழுத்துச் சம்மதம் வேணும், இல்லாட்டி தொழில் ஆணையாளர்ட அனுமதி வேணும் எண்டு சொல்லுது. ஆனா அது 15 பேருக்குக் குறையாத இடத்துக்குத்தான், அதுவும் முந்தின 12 மாசத்தில 180 நாள் வேலை செஞ்ச ஆளுக்குத்தான். வேலைய விட்டுப் போகக்குள்ள மொத்தமாக் கிடைக்கிற காசுக்கான பணிக்கொடைச் சட்டத்திலயும் இதே 15, அஞ்சு வருஷம் முடிஞ்சிருக்கணும். அம்பாறையில கார்மென்ட்ஸ்ல நிக்கிற பிள்ளைக்கு இந்தச் சட்டத்தில கை வச்சா நேரடி அடி. காத்தான்குடியிலயோ கல்முனையிலயோ நாலு பேர் நிக்கிற புடவைக்கடைப் பொடியனுக்கு அந்தப் பாதுகாப்பு இப்பவே இல்ல. சங்கக்காரங்க இதச் சத்தமாச் சொல்றது குறைவு, என்ட மனக்குறை அதுதான்.

கடை, ஒபிஸ் ஆக்களுக்கு நாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், மேல செஞ்சா ஒண்டரை மடங்கு ஓடி (மேலதிக நேரக் காசு). வரைவில “நெகிழ்வான நேரம்” எண்டு கண்டா கணக்கு நாளுக்கா கிழமைக்கா எண்டு தேடுங்க. கிழமைக்கு மட்டும் எண்டா, ஒரு நாள் பத்து மணித்தியாலம் நிண்டாலும் கிழமைக் கணக்கு தாண்டாட்டி அந்த ரெண்டு மணித்தியால ஓடி போயிரும், பெருநாள் தீபாவளி சீசன்ல கடையில நிண்டவங்களுக்கு இது சொல்லத் தேவையில்ல.

பிறகு சங்கம் பத்தின பகுதி. இப்ப 7 பேர் சேந்தாச் சங்கம் பதியலாம், முதலாளி பேச வந்தே ஆகணும் எண்டா 40 வீதம் ஆக்கள் அதில இருக்கணும். இந்த ரெண்டு எண்ணும் கூடுதா எண்டு பாருங்க, கூடினா சின்ன இடத்தில சங்கமே முளைக்காது.

வரைவு வர்த்தமானியில தமிழ்லயும் வரும், செய்தி வாசிக்கிறத விட அதப் பிரிண்ட் எடுத்து நாலு பேர் இருந்து வாசிக்கிறது நல்லம். பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில (நிகழ்ச்சி நிரல்ல) ஏறினா 14 நாளுக்குள்ளதான் உயர் நீதிமன்றத்தில எதிர்த்து மனுப் போடலாம், அது கடந்தாச் சட்டமாகின பிறகு கோட்டுக்குப் போய் அத வெட்ட ஏலாது.

சட்டம் மாறினாலும் மாறாட்டியும் ரெண்டு வேலை கிடக்கு. நியமனக் கடிதத்தக் கேட்டு வாங்குங்க. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) விழுதா எண்டு பாருங்க, ஒரு ஆள் வேலை செய்ற இடமெண்டாலும் உங்கட 8 வீதமும் முதலாளிர 12 வீதமும் போகணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர்ட காசு, அத உங்கட சம்பளத்தில வெட்டினா மட்டக்களப்பிலயோ அம்பாறையிலயோ தொழில் அலுவலகத்தில முறைப்பாடு குடுக்கலாம். வேலையால நிப்பாட்டினா வேலை வழக்குகளக் கேக்கிற தொழில் நியாய சபைக்கு ஆறு மாசத்துக்குள்ள போகணும், “திரும்ப எடுக்கிறன் பொறு” எண்டு முதலாளி இழுத்தாலும் அந்த ஆறு மாசம் நிக்காது.