ரோபோ ஒப்பரேசன் என்று சொன்னால் டொக்டரிடம் என்ன கேட்பது?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்காவது ஒப்பரேசன் என்றால் ரிப்போர்ட் பைலோடு என்னிடம் வந்துவிடுவார்கள். தியேட்டர் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சொந்தக்காரரைக் கூட்டிவந்து தங்கவைத்திருப்பவர்கள் இப்போது அதிகம் கேட்பது இதுதான்: "அன்ரி, இங்கே கமராவால் செய்யலாமா, இல்லை ரோபோவுக்காகச் சென்னைக்குக் கொண்டுபோகவா?" மெஷினை விசாரிப்பதற்கு முன், அதைப் பிடிக்கப்போகும் கையை விசாரியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ரோபோ தானாக எதையும் வெட்டாது. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளி, கொன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேசையில் கண்ணைப் பதித்து உட்கார்ந்திருப்பார். அவருடைய விரல் அசைய அசைய வயிற்றுக்குள் கருவி அசையும். டா வின்சி என்ற ரோபோ மெஷினில் துளைகள் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர். உள்ளே இருப்பது முப்பரிமாணத்தில், 10 மடங்கு வரை பெரிதாகத் தெரியும். லப்ரஸ்கோப்பி, அதாவது கமராவால் செய்யும் சாதாரண முறையில், கருவி நேரான கம்பி. ரோபோக் கருவியின் நுனியோ மணிக்கட்டைப் போல மடங்கும். இடுப்புக்குள் ஆழமான ஒடுங்கிய இடத்தில், புரஸ்டேட் எடுத்த பிறகு தையல் போடும்போது, அந்த மடிப்பு பெரிய உதவி.

பித்தப்பைக்கு அவ்வளவு தேவையில்லை. மெடிகேர் என்ற அமெரிக்க அரச காப்புறுதியில் 2010 முதல் 2019 வரை பித்தப்பை எடுத்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். பித்தக்குழாய் காயப்பட்டுத் திருத்த வேண்டி வந்தது லப்ரஸ்கோப்பியில் 0.2 வீதம், ரோபோவில் 0.7 வீதம். சின்னத் துளை என்றாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். ஆரம்ப நிலைக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி 2018இல் வந்த ஆய்வில், நாலரை வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் துளை வழியாகச் செய்தவர்களில் 86 வீதம், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 வீதம். பணம் இருக்கிறது, புது மெஷின் இருக்கிறது என்பதற்காக ஒருவரை விமானம் ஏற்றவேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

சனல் பண்ணிப் பார்க்கும்போது டொக்டரோடு கிடைப்பது கொஞ்ச நேரம். கேள்விகளைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். இதே ஒப்பரேசனை, இதே முறையில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? என் வருத்தத்துக்கு இந்த முறையால் என்ன நன்மை? இடையில் வயிற்றைத் திறக்கவேண்டி வந்தால் யார் திறப்பார்? ரோபோ என்றால், நீங்கள் கொன்சோலில் இருக்கும்போது கட்டிலருகில் நிற்பவர் யார்? கேட்டால் கோபிப்பார் என்று பயப்படவேண்டாம், நல்ல நிபுணர் இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்வார். சம்மதப் படிவம் விளங்காத மொழியில் இருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குடிக்கிற குளிசைகளை வாயால் சொல்வதைவிட அட்டைகளையே பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. வார்ஃபரின், குளோபிடோகிரல் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்தை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை டொக்டர்தான் சொல்லவேண்டும். சீனி வருத்தத்துக்கு எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வழக்கமாக ஒப்பரேசனுக்கு 3 நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்போடு சரி. பால் விட்ட தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். தண்ணீர், வெறுந்தேத்தண்ணி பொதுவாக 2 மணி நேரத்துக்கு முன் வரை குடிக்கலாம். ஆனால் வார்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

அப்புறம், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு நோவு. பித்தப்பை எடுத்த மறுநாள் இரவு எங்கள் பெரியம்மா வலது தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்துவிட்டா. "பிள்ளை, வயிற்றில்தானே வெட்டினது, தோள் ஏன் இப்படிக் குத்துது? ஹார்ட் அட்டாக்கோ?" வயிற்றை ஊதவைக்கக் காபனீரொட்சைட்டு வாயு விடுவார்கள். மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு வழியாக அந்த நோவு தோளில் தெரியும். கையைப் பிடித்து வராந்தாவில் மெதுவாக நடக்கவைத்தேன், குறித்துக் கொடுத்த வலிக்குளிசையையும் கொடுத்தேன். இரண்டு மூன்று நாளில் தானாகவே போய்விடும். நெஞ்சை இறுக்கினால், மூச்சு வாங்கினால், அது வேறு கதை. உடனே 1990 இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். காய்ச்சல், கண் மஞ்சளாதல், நாளுக்கு நாள் கூடும் வயிற்று நோ, ஒரு கால் மட்டும் வீங்குதல் இருந்தாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவேண்டாம்.

வீட்டுக்கு விடும் நாளில் டிக்கட் வெட்டுகிற அவசரத்தில் இரண்டு விஷயம் தவறிப்போகும். ஒன்று, என்ன செய்தார்கள் என்று எழுதிய ஒப்பரேசன் குறிப்பின் பிரதி. ஊரில் வேறு டொக்டரிடம் காட்டும்போது அது இல்லாமல் அவருக்கு ஒன்றும் விளங்காது. மற்றது பயோப்சி. எடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு எப்போது, யாரிடம் வாங்குவது என்று வார்ட் சிஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முல்லைத்தீவுக்குத் திரும்புகிறவர் என்றால், அதை வாங்கி அனுப்பக் கொழும்பில் ஒருவரைச் சொல்லிவைத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.