மொன்டானாவின் காற்றுப் புல்வெளியை ஆர்வியில் இருந்து பார்ப்பது எப்படி

படுக்கை, சமையலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்வி வண்டியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்துக்குப் போகிறவர்களில் பலர் நேரே கிளேசியர் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, லோகன் பாஸ் என்ற மலைக் கணவாயில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த இடமும் அழகுதான், போய் வாருங்கள். ஆனால் பூங்காவுக்குக் கிழக்கே, ஷோட்டோ ஊரில் இருந்து டுபூயர், பிரவுனிங் வழியாக செயின்ட் மேரி வரை 89ஆம் நெடுஞ்சாலை போகிறதே, அந்த வழியைப் பெட்ரோல் போடுகிற வழியாக மட்டும் நினைத்துக் கடந்துபோவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கே ராக்கி மலை படிப்படியாக உயர்வதில்லை. மலையடி வரைக்கும் புல் வந்து நிற்கிறது, அங்கிருந்து சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக எழுகிறது. இரண்டுக்கும் நடுவே காற்று வீசிக்கொண்டே இருக்கிறது.

என் யோசனை ஒன்றுதான். வண்டி ஓட்டுவது, நிறுத்துவது, உட்கார்ந்து பார்ப்பது மூன்றையும் காற்றின் போக்குக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்தால் பாதுகாப்பும் கிடைக்கும், வேறெங்கும் கிடைக்காத காட்சியும் கிடைக்கும்.

முதலில் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பசிபிக் கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போதே மழையாகவும் பனியாகவும் ஈரத்தைக் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்று. இறங்க இறங்க அழுத்தம் கூடுவதால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடாகிறது. இதைத்தான் அங்கே ஷினூக் என்கிறார்கள். குளிர்காலத்தில் இந்தக் காற்று வந்தால் ஒரே நாளில் பருவமே மாறிவிடும்: 1972 ஜனவரியில் லோமா என்ற ஊரில் 24 மணி நேரத்தில் வெப்பம் மைனஸ் 48 டிகிரியில் இருந்து 9 டிகிரிக்கு ஏறியது. அதற்கு நேர்மாறாக 1916 ஜனவரியில் வடக்கே இருந்து வந்த கடுங்குளிர் பிரவுனிங்கை ஒரே நாளில் சுமார் 7 டிகிரியில் இருந்து மைனஸ் 49க்குத் தள்ளியது. அப்புறம் மரையஸ் பாஸ். கிளேசியர் பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டி இருக்கும் இந்தக் கணவாயின் உயரம் 5,213 அடிதான், சுற்றிலும் உள்ள முகட்டைவிட நன்றாகத் தாழ்ந்தது. ரயில் பாதையும் 2ஆம் நெடுஞ்சாலையும் அதன் வழியாகத்தான் மலையைக் கடக்கின்றன, காற்றும் அந்த இடைவெளியில் புகுந்து கிழக்கே பாய்கிறது.

போகிற காலம்: ஜூன் நடுவில் இருந்து செப்டம்பர் நடுவரை. பலத்த காற்று குளிர்காலத்துக்கு உரியது, கோடையில் அது வருகையாளர் தாங்கும் அளவுக்கு இறங்கிவிடும். என்னைக் கேட்டால் ஜூன் கடைசி வாரங்கள். புல் அப்போதுதான் பச்சையாக இருக்கும், சரிவுகளில் லூபின் நீலமாகப் பூத்திருக்கும், சிகரங்களில் பனியும் மிச்சம் இருக்கும், இரவு ஒன்பதரை வரை வெளிச்சமும் இருக்கும். ஆகஸ்டில் புல் வைக்கோல் நிறமாகிவிடும். அது தனி அழகு, ஆனால் காட்டுத்தீப் புகை வந்து மலையை முழுக்க மறைத்துவிடுகிற ஆண்டுகளும் உண்டு.

இனி ஓட்டும் விஷயம். 89ஆம் நெடுஞ்சாலை தெற்கு வடக்காகப் போகிறது, காற்று மேற்கே இருந்து வருகிறது. அதாவது உங்கள் வண்டியின் பக்கவாட்டுச் சுவர் முழுவதும் காற்றுக்குக் குறுக்கே நிற்கிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், எனவே 20 மைல் காற்றில் சுகமாக ஓட்டினேன், 40 மைலிலும் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அமெரிக்க வானிலைத் துறையின் தளத்தில் அந்த ஊருக்கான மணிவாரி வரைபடம் இருக்கும். அதில் சராசரிக் காற்றை விட்டுவிட்டு, இடையிடையே வீசும் வேகக்காற்று எவ்வளவு என்பதைப் பாருங்கள், வண்டியைத் தூக்கிப்போடுவது அதுதான். அது மணிக்கு 25 மைலைத் தாண்டினால் நான் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவேன். 35 மைலைத் தொடும் என்றால், குறிப்பாக டிரெய்லர் இழுத்துக்கொண்டு போகிறவர்கள், அன்றைக்குக் கிளம்பவே வேண்டாம். வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கு முன்னால் ஒரு நாள் சும்மா விட்டுவையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சாதாரணக் கோடை நாளில் காலையில் காற்று அடங்கி இருக்கும், வெயில் ஏறித் தரை சூடானதும் மேலே ஓடும் காற்று கீழே இறங்கிக் கலக்கும், முற்பகல் கழிந்ததும் வலுக்கும். அதனால் காலை ஆறு, ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்து, பதினொன்றுக்குள் அடுத்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வழியில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மண்மேட்டை வெட்டிப் போட்ட சாலையில் போகும்போது காற்று இல்லாதது போலத் தோன்றும், வெட்டு முடிந்து வெளியே வந்த நொடியில் வண்டி ஒரு பக்கமாக நகரும். அதேபோல எதிரே பெரிய லாரி வந்தால் அது ஒரு கணம் காற்றை மறைக்கும், கடந்ததும் காற்று திரும்ப அறையும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஸ்டீயரிங்கைப் பதற்றத்தில் ஒடிக்க மாட்டீர்கள்.

காட்சி நன்றாக இருக்கிறதே என்று சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். அதற்கென விட்டிருக்கும் இடங்களில் மட்டும் நிறுத்துங்கள். முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது பெரும்பாலும் யாரோ ஒருவரின் மாட்டுப் பண்ணை. காய்ந்த புல்மேல் வண்டியை ஏற்றவே கூடாது, சூடான சைலன்சர் பட்டால் தீப்பிடிக்கும், இந்தக் காற்றில் அந்தத் தீயை யாராலும் நிறுத்த முடியாது. பிரவுனிங்கைச் சுற்றி இருப்பது பிளாக்ஃபீட் பழங்குடியினரின் நிலம். அங்கே சாலையை விட்டு இறங்கி நடக்கவோ மீன் பிடிக்கவோ அவர்களுடைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், தயங்காமல் வாங்கிவிடுங்கள்.

சரி, முகாமுக்கு வந்துவிட்டீர்கள். இனி இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான விஷயம்: வண்டியின் மூக்கை மேற்கே திருப்பி நிறுத்துங்கள். பக்கவாட்டில் நின்றால் இரவு முழுக்க ஆடும், மூக்கைக் காட்டி நின்றால் காற்று இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். கதவின் கீல் முன்பக்கமாக இருக்கும் வண்டிகளில் காற்று கதவைப் பிடுங்கித் திறக்காமல் சாத்தத்தான் பார்க்கும். எல்லாவற்றையும்விட, மலை மேற்கேதான் இருக்கிறது. தானே ஓடும் ஆர்வியான மோட்டார் ஹோமின் அகலமான முன் கண்ணாடி முழுவதும் மலையாகிவிடும். டிரெய்லர்காரர்கள் இழுத்து வந்த டிரக்கின் முன் இருக்கையில் உட்காரலாம். வெளியே நாற்காலி போட்டால் காற்று மறைவுக்காக வண்டியின் கிழக்குப் பக்கம் ஒதுங்க வேண்டும், அங்கே உட்கார்ந்தால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஆகவே பார்க்கும் இடம் உள்ளேதான். வந்ததும் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை ஈரத்துணியில் ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள், சாயங்கால வெயில் நேரே வரும்போது ஒவ்வொரு கறையும் தெரியும்.

வண்டியின் பக்கவாட்டில் நிழலுக்காக விரிக்கும் துணிப்பந்தலான ஆனிங்கை விரிக்காதீர்கள். காற்றே இல்லாத மதியமாக இருந்தாலும் வேண்டாம், இங்கே காற்று சொல்லிக்கொண்டு வராது. வாடகை வண்டி என்றால் ஆனிங் சேதம் காப்பீட்டில் வருமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், பல ஒப்பந்தங்களில் வராது. கூரை ஜன்னல்களைச் சாத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி எரிவாயுவில் ஓடும் வகையாக இருந்தால் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் காற்று புகுந்து சுடரை அணைத்துவிடும், முகாமில் மின் இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றிவிடுங்கள். சமையல் உள்ளே. வெளியில் அடுப்பு நிற்காது.

இப்போது பார்ப்பதைப் பற்றி. மலை மேற்கே இருப்பதால் காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து போய் நேரே பாறையில் விழும். ஜூனில் ஐந்தரை மணி சுமாருக்குச் சூரியன் எழும். முதல் ஒரு மணி நேரத்தில் பாறையின் ஒவ்வொரு வரியும் பைனாகுலரில் எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். அந்த வரிகள் மேற்கே சாய்ந்திருப்பதையும், அதே அடுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருவதையும் கவனியுங்கள். பூமியின் ஓடு மேற்கில் இருந்து தள்ளப்பட்டு, உடைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதன் அடையாளம் அது. வடக்கே செயின்ட் மேரியைத் தாண்டிப் போனால் தனியாக நிற்கும் சீஃப் மவுண்டனில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். 9,080 அடி உயரமுள்ள அந்த மலையில் நூறு கோடி ஆண்டுக்கும் மேல் பழைய பாறை மேலே இருக்கிறது, டைனோசர் காலத்துப் பாறை அதற்கு அடியில் இருக்கிறது. பிளாக்ஃபீட் மக்களுக்கு அது புனிதமான மலை. அங்கே மரங்களில் கட்டியிருக்கும் வேண்டுதல் துணிகளைத் தொடாதீர்கள், படமும் எடுக்க வேண்டாம். 2023 ஜூனில் அவர்கள் பைசன் எருமைகளை அந்த மலையின் அடிவாரத்தில் வேலியில்லாமல் மேயத் திறந்துவிட்டார்கள், எனவே அந்தப் பக்கம் போகும்போது சரிவுகளையும் ஒரு பார்வை பாருங்கள்.

மதியம் வானத்துக்கு உரியது. ஷினூக் வீசும் நாளில் முகட்டின் மேல் மேகம் சுவர் மாதிரி நிற்கும், அதற்குக் கிழக்கே ஒரு தெளிந்த நீலப் பட்டை, அதற்கும் கிழக்கே வில்லாக வளைந்த இன்னொரு மேகம். சில நாள் கண்ணாடி வில்லை வடிவத்தில் ஒற்றை மேகம் இருக்கும். அதை ஜன்னல் சட்டத்தின் ஓரத்தோடு ஒட்டவைத்துப் பத்து நிமிடம் பாருங்கள். கீழே புல் தரையோடு படுக்கும் அளவுக்குக் காற்று அடிக்கும், அந்த மேகம் இருந்த இடத்தை விட்டு அசையாது. காற்று மேலெழும் மேற்கு ஓரத்தில் ஈரம் குளிர்ந்து மேகமாகிறது, கீழிறங்கும் கிழக்கு ஓரத்தில் கரைந்துவிடுகிறது. காற்று மேகத்துக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது, மேகம் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது. இதை ஒரு தடவை புரிந்து பார்த்தவர்கள் அப்புறம் வானத்தை அண்ணாந்து பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் மலை வெறும் கருநிழலாகிவிடும், அப்போது பார்க்க வேண்டியது புல்லை. சூரியனை நோக்கிப் பார்ப்பதால் ஒவ்வொரு புற்கதிரும் ஒளி ஊடுருவித் தெரியும், காற்றின் ஒவ்வொரு வீச்சும் வெளிச்சமும் நிழலுமாகப் புல்மேல் ஓடிவரும். மொத்தமாகப் பார்த்தால் கண் வழுக்கிப் போய்விடும். தூரத்தில் ஒரு வேலிக்கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வீச்சு அங்கே வந்ததும் அதோடு கண்ணை ஓட்டி உங்கள் வண்டி குலுங்கும் வரை விடாமல் பாருங்கள். நான்கைந்து வீச்சுகளுக்குப் பிறகு, அடுத்தது எப்போது வந்து இடிக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

காற்றடிக்கும்போது பறவைகள் இருக்காது என்று நினைக்காதீர்கள். கெஸ்ட்ரல் என்ற சின்ன வல்லூறு காற்றை எதிர்த்துத் தலையை அசைக்காமல் ஒரே இடத்தில் மிதக்கும். பூனைப்பருந்து புல்நுனியை உரசுகிற மாதிரித் தாழ்ந்து பறக்கும். மஞ்சள் மார்பும் அதில் கருப்பு வளைவும் கொண்ட மெடோலார்க், மொன்டானாவின் மாநிலப் பறவை, வேலிக்கம்பத்தில் உட்கார்ந்து பாடுவதைக் காற்றைத் தாண்டியும் கேட்கலாம். பிராங்ஹார்ன் மான்கள் பள்ளங்களில் ஒதுங்கி இருக்கும், எனவே மேட்டைத் தேடாமல் பள்ளத்தைத் தேடுங்கள். பத்து மடங்கு பைனாகுலரைவிட எட்டு மடங்கு நல்லது, காற்றில் கை நடுங்குவது அதில் குறைவாகத் தெரியும். ஒரு சின்னத் துணிப்பையில் அரிசி நிரப்பி டாஷ்போர்டில் வைத்து அதன்மேல் பைனாகுலரைச் சாய்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஒருமுறையாவது இறங்கி நடக்கத்தான் வேண்டும். மலையடி மேடுகளில் லிம்பர் பைன் என்ற மரம் ஆள் உயரத்துக்கும் குறைவாக வளர்ந்து நிற்கும். அதன் அருகே குனிந்து பாருங்கள். மேற்குப் பக்கத்துப் பட்டை காற்றில் பறந்துவரும் பனித்துகளும் மணலும் தேய்த்து மழமழவென்று வெளுத்துக் கிடக்கும், கிளை ஒன்றும் இருக்காது. இருக்கும் கிளைகள் எல்லாம் கிழக்கே பார்த்து நீண்டிருக்கும். கிளையை வளைத்துப் பாருங்கள், முறியாமல் வளையும். நடக்கும்போது கரடியை விரட்டும் மிளகாய் நெடி ஸ்பிரே இடுப்பில் இருக்கட்டும். இந்தப் பகுதியில் கிரிஸ்லி கரடிகள் ஓடைக்கரைப் புதர்கள் வழியாகப் புல்வெளிக்கே இறங்கி வருகின்றன. காற்றுக்கு எதிரே அடித்தால் ஸ்பிரே உங்கள் முகத்துக்கே திரும்பும் என்பதால், போகும் வழியில் காற்று எந்தப் பக்கம் என்பதை மனதில் வைத்துக்கொண்டே நடங்கள். பேசிக்கொண்டும் நடங்கள், காற்றின் இரைச்சலில் நீங்கள் வருவது கரடிக்குக் கேட்காது.

பூங்காவுக்குள்ளும் போவதாக இருந்தால், பூங்காவைக் குறுக்கே கடக்கும் கோயிங் டு தி சன் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. ஆர்வியை செயின்ட் மேரியில் விட்டுவிட்டு ஷட்டில் பஸ் ஓடுகிறதா என்று விசாரியுங்கள்.

இரவில் காற்று அடங்காமல் வலுத்தால் பக்கவாட்டில் இழுத்து விரித்த அறைப் பகுதிகளை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், நாற்காலி, மிதியடி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள், குழந்தைகளை மேல் படுக்கையில் இருந்து கீழே மாற்றிப் படுக்கவையுங்கள். காலையில் எழுந்ததும் மொன்டானா சாலைத் துறையின் 511 செயலியில் 89ஆம் சாலைக்கும் 2ஆம் சாலைக்கும் எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முகாம் அலுவலகத்தில் இன்னொரு இரவுக்குப் பணம் கட்டிவிட்டு, டீ போட்டுக்கொண்டு முன் இருக்கைக்கு வந்துவிடுங்கள்.