200 எம்பிபிஎஸ் என்கிறார்களே, உண்மையில் வருகிறதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

எங்கள் வீட்டில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு எடுத்தோம். வேகம் 94-ஐத் தாண்டவே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "எங்க சைடுல எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்ற ஒரே பதில். அதன் பிறகு நானே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேகம் குறைகிறது என்றால் குறை மூன்று இடங்களில் இருக்கலாம்: வீட்டுக்குள், வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில், நிறுவனத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில். எந்த இடம் என்று தெரியாமல் போன் போட்டால் பேச்சுதான் நீளும்.

மெகாபிட், மெகாபைட் வித்தியாசம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்கள் எம்பிபிஎஸ்ஸை (விநாடிக்கு இத்தனை மெகாபிட்) 8-ஆல் வகுத்தால் போதும், விநாடிக்கு எத்தனை மெகாபைட் (எம்பி) என்று வந்துவிடும். 200 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு ஃபைல் விநாடிக்கு 25 எம்பி வேகத்தில் இறங்கினால் அதுவே முழு வேகம்.

படி 1: திட்டத்தின் பொடி எழுத்தைப் படியுங்கள்

பார்க்க வேண்டியவை மூன்று. முதலில் அப்லோட் வேகம். சில திட்டங்களில் டவுன்லோடுக்குச் சமமாகவே தருவார்கள், சிலவற்றில் பாதிகூட இருக்காது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இது முக்கியம். இரண்டாவது டேட்டா வரம்பு. "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் மாதம் 3,300 ஜிபி என்று ஓரத்தில் ஒரு வரம்பு இருப்பது சகஜம். சாதாரணக் குடும்பம் அதைத் தொடாது. 100 எம்பிபிஎஸ் இணைப்பை முழு வேகத்தில் ஓடவிட்டால்கூட அந்த வரம்பு தீர 73 மணி நேரம் ஆகும். ஆனால் உள்ளூர் கேபிள்காரர்கள் தரும் சில மலிவுத் திட்டங்களில் வரம்பு இதைவிட மிகக் குறைவு. மூன்றாவது, அந்த வரம்பு தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பது. பிராட்பேண்ட் என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தை மத்திய அரசு 2023-இல்தான் 512 கேபிபிஎஸ்ஸிலிருந்து 2 எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தியது. அரசு சொல்லும் குறைந்தபட்சமே அவ்வளவுதான் என்பதால், வரம்புக்குப் பிந்தைய வேகத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

விலையைப் பார்க்கும்போது 18% ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது.

படி 2: வைஃபையை விடுங்கள், லேன் கேபிள் போடுங்கள்

வைஃபையில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனத்தோடு சண்டை போட முடியாது. லேப்டாப்பை நேராக ரூட்டரில் கேபிளால் இணையுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், டிவி உட்பட.

நான் மாட்டிக்கொண்டு தவித்தது இந்தப் படியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேபிள் போட்டும் 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நிற்கிறதா? காலை, மதியம், நள்ளிரவு, எப்போது பார்த்தாலும் அதே எண்ணா? அப்படியென்றால் இணைப்பைச் சந்தேகப்படாதீர்கள். நெரிசலால் வேகம் குறைந்தால் எண் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. வழியில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டில் (லேன் கேபிள் இணைப்பில்) ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக மிஞ்சுவது கிட்டத்தட்ட 94, 95தான்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க், அப்புறம் ஈத்தர்நெட் பகுதியைத் திறந்தால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 என்று வர வேண்டும். 100/100 என்று இருந்தால் இதைச் செய்யுங்கள்.

கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜாக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க நிறத்தில் எட்டுப் பின்கள் தெரியும். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கம்பி இருக்க வேண்டும். என் கேபிளில் நான்குதான் இருந்தன: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை. நீலமும் பிரவுனும் உறைக்கு வெளியிலேயே நறுக்கப்பட்டிருந்தன. 1, 2, 3, 6 ஆகிய நான்கு பின்களில் கம்பி இருந்தாலே 100 எம்பிபிஎஸ் ஓடிவிடும், விளக்கும் எரியும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) ஓட எட்டும் வேண்டும். இணைப்பு கொடுக்க வந்தவர் அவசரத்தில் நான்கோடு நிறுத்திவிட்டார். கேட்5இ அல்லது கேட்6 என்று அச்சிட்ட ரெடிமேட் கேபிள் ஒன்றை வாங்கி மாற்றியதும் அன்றைக்கே 190-ஐத் தாண்டியது.

கேபிள் சரியாக இருந்தும் 100/100 என்றால் ரூட்டரின் போர்ட்டையோ லேப்டாப்பின் போர்ட்டையோ பாருங்கள். அட்டைப்பெட்டியில் ஏசி1200 என்று வைஃபை வேகத்தைப் பெரிதாகப் போட்டிருக்கும் ரூட்டரிலும் போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50 அப்படித்தான், அதே வரிசையின் சி6-இல் கிகாபிட் போர்ட் உண்டு. 100-க்கு மேல் திட்டம் எடுப்பவர்கள் கிகாபிட் போர்ட் இல்லாத ரூட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

படி 3: எதில் அளப்பது, எப்போது அளப்பது

ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட்டைத்தான் எல்லோரும் திறப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. தானாகத் தேர்வாகும் சர்வர் பல நேரங்களில் உங்கள் நிறுவனத்தின் சொந்த சர்வராகவே இருக்கும். வீட்டிலிருந்து அவர்கள் வாசல்வரை மட்டும் அளந்துவிட்டு 198 என்று காட்டும். அந்த அளவும் தேவைதான், ஆனால் அது பாதிக் கதை. சர்வர் பட்டியலைத் திறந்து, வேறு நிறுவனம் சென்னையில் வைத்திருக்கும் சர்வர் ஒன்று, மும்பையில் ஒன்று என்று மாற்றி அளந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்தது கிளவுட்ஃபிளேரின் ஸ்பீட் டெஸ்ட். விளம்பரம் கிடையாது, இணைப்பு நிரம்பியிருக்கும்போது பிங் (சர்வரிலிருந்து பதில் வர ஆகும் நேரம்) எவ்வளவு ஏறுகிறது என்றும் காட்டும். கூடவே நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம். போன் ஆப்கள் வேண்டாம், பாதி நேரம் அவை உங்கள் போனின் வைஃபையைத்தான் அளக்கின்றன.

நேரம் மிக முக்கியம். காலை ஆறு மணிக்கு ஒன்று, இரவு ஒன்பது மணிக்கு ஒன்று. ஃபைபர் என்றால் தனி வழி என்று நினைக்காதீர்கள். வீடுகளுக்குப் பரவலாகத் தரப்படும் ஜிபான் முறையில் ஒரே இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்ஸை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடுகளுக்கும் 200 என்றால் 12.8 ஜிபிபிஎஸ் வேண்டும். எல்லோரும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இழுக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் விற்கிறார்கள். அதில் தப்பில்லை, அப்படி விற்காவிட்டால் இந்த விலைக்குத் தர முடியாது. எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், வெளியே போக எவ்வளவு பேண்ட்விட்த் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நல்ல நிறுவனமும் மட்டமான நிறுவனமும் பிரிகின்றன. இரவு ஒன்பது மணி அளவு அதைச் சொல்லிவிடும்.

படி 4: எண்களைப் படிப்பது

இரவில் நிறுவனத்தின் சொந்த சர்வரில் 195, மற்ற எல்லாவற்றிலும் 60 என்று வந்தால் அவர்கள் வெளியே வாங்கியிருக்கும் பேண்ட்விட்த் போதவில்லை. சொந்த சர்வரிலேயே 60 என்றால் உங்கள் தெருவில் நெரிசல், இல்லையென்றால் லைனில் பழுது. காலை ஆறு மணிக்கும் அதே 60 என்றால் பழுதுதான். லைன்மேனை வரச்சொல்லி, ஃபைபர் முனையில் வரும் ஒளியின் பவர் எவ்வளவு என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 27 டிபிஎம்மை (மீட்டர் காட்டும் அளவு) நெருங்கினால் எங்கேயோ வளைந்திருக்கிறது அல்லது ஜாயின்ட் சரியில்லை.

கேபிளில், இரவு நேரத்தில், வெளி சர்வரில் சொன்ன வேகத்தில் 80 சதவீதம் வந்தால் நான் புகார் செய்யமாட்டேன். பாதிக்குக் கீழே போனால் விடமாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் ஏதோ ஒரு தளத்திலிருந்து ஃபைல் மெதுவாக இறங்குவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் தூரத்துக்கும் அந்த சர்வருக்கும் பங்கு உண்டு.

படி 5: இப்போது வைஃபை

கேபிளில் 190, வைஃபையில் 40 என்றால் பெரும்பாலும் போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற மெதுவான அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதில் இணையுங்கள். கான்கிரீட் சுவர் இரண்டு தாண்டினால் அதுவும் சுருண்டுவிடும், அப்போது ரூட்டரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி.

படி 6: புகார்

அளவுகளைத் தேதி, நேரத்தோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கேபிளில் அளந்தது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பகுதி பாதியாகக் குறையும். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தீர்வு சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்த எண்ணோடு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பின்சேர்க்கை 1: இன்னும் இணைப்பே எடுக்காதவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருந்தீர்கள். அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவர் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் போய்க் கிளவுட்ஃபிளேரை ஓட்டிப் பாருங்கள். பக்கத்துத் தெரு உதவாது, ஸ்ப்ளிட்டர் வேறாக இருக்கலாம். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். ஆறு மாதச் சலுகைக்கு ஆசைப்பட்டால் பிறகு வெளியே வர முடியாது.

பின்சேர்க்கை 2: 2023-இல் வந்த, ஃபைபர் இழை இல்லாமல் 5ஜி சிக்னலில் வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளுக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். அளக்கும் முறை அதேதான். ஆனால் 5ஜி டவரை அந்தப் பகுதியின் போன்களோடு பங்கிட வேண்டியிருப்பதால் காலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் கூடுதலாக இருக்கும். பொருத்த வருபவர் மொட்டை மாடியில் ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்று கூடவே நின்று பாருங்கள். சிக்னல் எவ்வளவு என்று அவர் போனில் தெரியும், அதைக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் ஸ்க்ரூவை முடுக்கச் சொல்லுங்கள்.