ஹாட் ராடுக்கு ஆட்டோ கியர்பாக்ஸ்: வாளையாறு நேர்ரோட்டுக்கும் வால்பாறை ஏற்றத்துக்கும் சேர்த்துத் தேர்ந்தெடுப்பது

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு வட்டாரத்தில் பழைய கார் ஒன்றில் வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்) இறக்கி ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக மாற்றிக் கட்டிய கார், செய்பவர்கள், "இந்த என்ஜினுக்கு எந்த கியர்பாக்ஸ் ஏறும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8 என்றால் அதன் பெல் ஹவுசிங்குக்கு (என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் மணி வடிவ உறை) ஐந்தாறு வகை ஏறும். ஆகவே கேள்வியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: பின் ஆக்சிலில் என்ன ரேஷியோ (பல் விகிதம்), டயர் எவ்வளவு உயரம், வண்டி எந்த ரோட்டில் ஓடப் போகிறது. இங்கே பதில் இரண்டு ரோடு. ஒன்று வாளையாறு வழியாகப் போகும் நேரான நெடுஞ்சாலை. இன்னொன்று ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவு.

கணக்கு எளிது. வேகத்தை (மணிக்கு கி.மீ.) 5.305 ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (மீட்டரில்) வகுத்து, கியர் ரேஷியோவாலும் ஆக்சில் ரேஷியோவாலும் பெருக்கினால் என்ஜின் ஆர்.பி.எம். வரும். 27 அங்குல டயர், அதாவது 0.686 மீட்டர் என்று வையுங்கள். 3.73 ஆக்சிலில் மூன்றாம் கியர் 1.00 ஆக இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் என்ஜின் 2,880 சுற்று சுற்றும். அதே ஆக்சிலில் 0.70 ஓவர்டிரைவ் (1.00-க்கும் கீழான கடைசி கியர்) இருந்தால் 2,020 தான். 3.08 ஆக்சில் என்றால் ஓவர்டிரைவே இல்லாமல் 2,380.

இப்போது ஏற்றத்தைப் பாருங்கள். டர்போ 350 கியர்பாக்ஸுக்கு (பெயரில்தான் டர்போ, டர்போசார்ஜருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) முதல் கியர் 2.52, இரண்டாவது 1.52, மூன்றாவது 1.00. நான்கு கியர் கொண்ட 700ஆர்4 கியர்பாக்ஸுக்கு 3.06, 1.63, 1.00, 0.70. 700ஆர்4-ஐ 3.08 ஆக்சிலோடு போட்டால் முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 9.42. டர்போ 350-ஐ 3.73 ஆக்சிலோடு போட்டால் 9.40. வளைவில் நின்று கிளம்பும்போது இரண்டும் ஒன்றே. நெடுஞ்சாலையில் 100-ல் 700ஆர்4 அந்த 3.08 ஆக்சிலில் 1,670 சுற்றுக்கு இறங்கிவிடும். பெட்ரோலும் மிச்சம், காதுக்கும் நிம்மதி. அப்படியிருந்தும் எல்லோருக்கும் 700ஆர்4-ஐப் பரிந்துரைக்க மாட்டோம். அதற்குக் காரணம் ஒரு கேபிள்.

700ஆர்4-ல் கார்பரேட்டரிலிருந்து ஒரு டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிள் கியர்பாக்ஸுக்குள் போகும். கியர் எப்போது மாறும் என்பதைச் சொல்வது அதன் பாதி வேலைதான். உள்ளே ஆயில் அழுத்தம் எவ்வளவு என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. கேபிள் தளர்ந்தால் அழுத்தம் குறையும், மூன்று-நான்கு கிளட்ச் வழுக்கும், சில கிலோமீட்டரிலேயே கருகிவிடும். ஓட்டுபவருக்குத் தெரிவதெல்லாம், கியர் சற்று சீக்கிரமாக, வெண்ணெய் மாதிரி மென்மையாக மாறுகிறது என்பது மட்டும்தான். ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது கேபிளும் முழு நீளத்துக்கு இழுபட்டிருக்க வேண்டும், விட்டால் தொய்வில்லாமல் நிற்க வேண்டும். கார்பரேட்டர் லீவரில் கேபிள் மாட்டும் துளையின் தூரமும் கோணமும் சரியாக இல்லாவிட்டால் இந்த இரண்டு முனையும் சேர்ந்து பொருந்தாது. வேறு கார்பரேட்டர் போடுபவர்கள் அதற்குரிய திருத்தப் பிராக்கெட்டை வாங்கிப் போட வேண்டும். பட்டறையில் வளைத்த பட்டையை நம்ப வேண்டாம். மாட்டிய பிறகு பிரஷர் கேஜ் வைத்து ஒருமுறை பாருங்கள்.

டர்போ 350-ல் இந்த ஆபத்து இல்லை. அதில் என்ஜின் வேக்குவத்தை வைத்து வேலை செய்யும் மாடுலேட்டர் உண்டு. அதன் குழாயை மேனிஃபோல்டிலிருந்து நேராக எடுங்கள், கார்பரேட்டரின் த்ராட்டிலுக்கு மேலே உள்ள முனையிலிருந்து எடுக்காதீர்கள். நீளம் முழுக்க ஸ்டீல் குழாய், முனைகளில் மட்டும் ரப்பர். மாடுலேட்டரின் உதரவிதானம் கிழிந்தால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். கியர்பாக்ஸ் லீக்கே இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால் முதலில் அந்த ரப்பரைக் கழற்றி உள்ளே ஈரம் இருக்கிறதா பாருங்கள். கூரான கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) போட்டு வேக்குவம் குறைந்த என்ஜினில் கியர் தாமதமாக, அடித்தாற்போல் விழும்.

எங்கள் முடிவு இது. கார்பரேட்டர் வைத்த, லேசான, வார இறுதியில் ஓடும் வண்டிக்கு டர்போ 350 போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நெடுஞ்சாலை என்றால் 700ஆர்4 அல்லது 200-4ஆர். இரண்டாவது சொன்னதன் நீளம் ஏறத்தாழ டர்போ 350 அளவே, சுமார் 27½ அங்குலம், அதனால் புரொப்பல்லர் ஷாஃப்டை அதிகம் வெட்ட வேண்டியிருக்காது. 700ஆர்4 மூன்று அங்குலம் நீளம், கிராஸ்மெம்பரைப் பின்னால் தள்ள வேண்டும். 200-4ஆருக்கும் அதே டி.வி. கேபிள் கவனம் வேண்டும். பவர் மிக அதிகமான, கனமான வண்டிக்கு டர்போ 400. பம்ப், கியர் எல்லாம் பெரிது, எடையும் அதிகம். அதன் பின் ஷாஃப்டில் 32 பல், மற்ற மூன்றுக்கும் 27 பல், ஆகவே யோக் (கியர்பாக்ஸுக்குள் நுழையும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனை) வேறு. 1993-ல் வந்த 4எல்60-இ எலெக்ட்ரானிக் என்பதால் தனி கன்ட்ரோலர், த்ராட்டில் சென்சார், வயரிங் வேண்டும். இன்ஜெக்ஷன் என்ஜினுக்கு அது சரி, கார்பரேட்டருக்குத் தேவையில்லாத தலைவலி.

பழைய கியர்பாக்ஸ் வாங்கும்போது, எந்த வகை என்று அறிய அடியிலிருக்கும் ஆயில் பேனின் (ஆயில் தட்டு) போல்ட்டுகளை எண்ணுங்கள். டர்போ 350-க்கு 13 போல்ட், சதுரம், ஒரு மூலை வெட்டியது. டர்போ 400-க்கும் 13 தான், ஆனால் வடிவம் ஒழுங்கற்றது. 700ஆர்4-க்கு 16, நீள்சதுரம். 1985-க்கு முந்தைய 700ஆர்4-ன் இன்புட் ஷாஃப்டில் 27 பல்தான், அது பலவீனமானது, தவிர்த்து 30 பல் வைத்ததை எடுங்கள். பேனைக் கழற்றி அடியில் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இயல்பு. கருப்புத் துகள் என்றால் கிளட்ச் போய்விட்டது. பித்தளை மினுமினுப்பு என்றால் புஷ் தேய்ந்துவிட்டது. ஆயில் கருகிய வாசம் அடித்தால் பிரிக்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. வாங்கும் அன்றே ஃபில்டர், பேக்கிங், சீல் செட், மாடுலேட்டர், கிளட்ச் செட் எல்லாவற்றையும் சேர்த்தே வரவழையுங்கள். நம்மூர் ஸ்பேர்ஸ் கடையில் இவை கைக்குக் கிடைப்பதில்லை.

டார்க் கன்வெர்ட்டரில் (என்ஜினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) பலர் ஆசைப்பட்டு 3,000 சுற்று ஸ்டால், அதாவது அந்தச் சுற்றுக்குப் பிறகே நன்றாகப் பிடிக்கும் வகை, வாங்குகிறார்கள். 3.73 ஆக்சிலில் டர்போ 350 முதல் கியரில், 30 கி.மீ. வேகத்தில் என்ஜின் 2,180 சுற்றுதான் வரும். வால்பாறை வளைவுகளில் 20-க்கும் குறைவாகவே ஏறுவீர்கள். அந்தக் கன்வெர்ட்டர் ஏற்றம் முழுக்க வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கல் அத்தனையும் சூடாக மாறும். 1,600 முதல் 2,000 வரை போதும்.

கூலர் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். கியர் ஆயில் 80 டிகிரியில் இருந்தால் நல்லது. 120 தாண்டினால் ஆயில் கெட்டு வார்னிஷ் படியத் தொடங்கும். ரேடியேட்டரின் டேங்க்கில் ஒரு சுற்று, அதற்கடுத்து தனிக் கூலரில் ஒரு சுற்று, பிறகு கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். வளைவுகளில் வேகமே இல்லாததால் கூலருக்குத் தனி எலெக்ட்ரிக் ஃபேன் வையுங்கள். சாதாரண பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள், கியர் ஆயில் சூட்டில் மெதுத்து வெடிக்கும். ஓட்டம் சரியா என்று பார்க்க, திரும்பி வரும் குழாயைக் கேனில் விட்டு என்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். 20 நொடியில் ஒரு லிட்டரை ஒட்டி வர வேண்டும்.

பொருத்தும்போது அதிகம் பேர் பம்பை உடைப்பது இங்கேதான். கன்வெர்ட்டரில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, ஷாஃப்டில் ஏற்றி, சுழற்றியபடியே உள்ளே தள்ளுங்கள். அது மூன்று முறை 'டக்' என்று இறங்கும். இரண்டு முறையோடு நிறுத்திவிட்டால் பம்பின் காது இன்னும் பிடிக்கவில்லை என்று பொருள். கியர்பாக்ஸை என்ஜினோடு கையாலேயே ஒட்டும்படி பொருத்துங்கள். போல்ட்டை இறுக்கி இழுத்து ஒட்ட வைக்கக் கூடாது. ஒட்டிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் (என்ஜினின் பின்முனையில் கன்வெர்ட்டரைத் தாங்கும் தகடு) அதற்கும் இடையில் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அதிகமிருந்தால் வாஷர் போடலாம். பிளாக்கில் இரண்டு டவல் பின்களும் (கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்கும் ஊசிகள்) இருக்கின்றனவா என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸ்பிளேட் வாங்குகையில், 1986-க்கு முந்தைய என்ஜினுக்கும் பிந்தையதற்கும் எடைச் சமநிலை வேறு என்பதை மறக்காதீர்கள், மாறிப் போட்டால் வண்டி அதிரும்.

யோக் உள்ளே முட்டாமல் 20 முதல் 25 மி.மீ. இடம் விட்டு ஷாஃப்டின் நீளத்தை அளந்து லேத்தில் கொடுங்கள். முன்னும் பின்னும் உள்ள கிராஸ் கோணங்கள் சமமாகவும் எதிராகவும், ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் இருக்கட்டும். முதலில் நாலைந்து லிட்டர் டெக்ஸ்ரான் (ஆட்டோ கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றி, ஸ்டார்ட் செய்து, எல்லா கியரையும் ஒருமுறை தொட்டு, பிறகு மேலும் ஊற்றுங்கள். சூடானபின் பார்க்கில் ஐடிலில் விட்டு டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் நுரைத்து, அதுவும் வழுக்கும்.

இறக்கத்தில் டர்போ 350-ஐ டிரைவில் விட்டால் இரண்டாம் கியரில் என்ஜின் பிரேக் கிடைக்காது. லீவரை '2'-க்குக் கொண்டு வந்தால்தான் உள்ளே பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) பிடிக்கும். அப்படியும் வண்டி பிடிக்காமல் ஓடினால் அந்தப் பேண்ட் தேய்ந்திருக்கிறது. 700ஆர்4-ஐ ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓவர்டிரைவில் விடவே கூடாது, 'டி'-க்கு இறக்குங்கள், இல்லையென்றால் மூன்றுக்கும் நான்குக்கும் மாறி மாறி விழுந்து கிளட்சைத் தின்னும்.

சட்டம் தனி விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அடிப்படை அம்சங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து போன வழக்கில் இதை உறுதி செய்தது. எல்லை தாண்டி ஓட்டும் வண்டி என்றால் என்ஜினில் கை வைக்கும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் நின்றுபோனால் பின் சக்கரம் உருளும்படி இழுக்காதீர்கள். என்ஜின் ஓடாமல் பம்ப் ஓடாது, ஆயில் போகாமல் உள்ளே எல்லாம் உரசும். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, யோக் இருந்த இடத்தைப் பிளாஸ்டிக் பையால் கட்டி அடைத்துவிட்டு இழுங்கள், அல்லது ஃபிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.