செத்துச் செத்து ஆடுகிற கேம்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

எல்டன் ரிங்கில் முதல் குகையை விட்டு வெளியே வந்ததும், வெட்டவெளியில் பொன் கவசம் போட்ட ஒரு குதிரை வீரன் சுற்றிக்கொண்டிருப்பான். பெயர் ட்ரீ சென்டினல். புதிதாக ஆட வருகிறவர்கள் பலர் நேராக அவனிடம்தான் போகிறார்கள். வழியில் நிற்கிறவனை முடித்துவிட்டுத்தான் அடுத்த அடி என்று மற்ற கேம்கள் பழக்கிவிட்டிருக்கின்றன. இரண்டே அடியில் ஆள் காலி. திரும்பப் போவார்கள், திரும்பச் சாவார்கள். "இது நமக்கு ஆகாதுடா மச்சான்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

முதல் தவறு இதுதான். அவனை அப்போதே அடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புல்வெளியைச் சுற்றிக்கொண்டு பின்னால் இருக்கும் சர்ச்சுக்குப் போங்கள். அங்கிருந்து வடக்கே கேட்ஃப்ரண்ட் இடிபாடுகளுக்குப் பக்கத்து கிரேஸில் (உட்கார்ந்து இளைப்பாறும் ஒளிப்புள்ளி அது) உட்கார்ந்தால், மெலினா என்ற பெண் வந்து குதிரை தருவாள். பத்து, இருபது லெவல் ஏறிய பிறகு அவனைத் தேடி வரலாம். டார்க் சோல்ஸிலும் இதே கதை: ஃபயர்லிங்க் ஷ்ரைன் போன்ஃபயருக்கு (கிரேஸ் மாதிரி இளைப்பாறும் இடம்) பக்கத்திலேயே எலும்புக்கூடுகள் நிறைந்த இடுகாடு. உள்ளே போய் மாட்டிக்கொள்கிறவர்கள், எதிர்ப்பக்கம் மேலே ஏறும் படிக்கட்டைக் கவனிப்பதே இல்லை.

இந்த வகை கேமுக்கு வழி போட்டது ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர். ஹிடெடாகா மியாசாகி இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ் 2009-இல் வந்தது, டார்க் சோல்ஸ் 2011-இல், எல்டன் ரிங் 2022 பிப்ரவரியில். இவ்வளவு கொடுமையான கேம் ஒரே வருடத்தில் 2 கோடி பிரதிகள் தாண்டியது. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. இதில் சாவுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த முறை நம் கை மாறியிருக்கும். அந்த ருசி தெரிவதற்கு முன்னாலேயே பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எல்டன் ரிங்கின் மார்கிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ம்வெயில் கோட்டை வாசலில் நிற்கிற பாஸ், அதாவது வழியை மறிக்கும் பெரிய எதிரி. கையிலிருக்கும் தடியைத் தலைக்கு மேல் தூக்குவான். தூக்கியதுமே நம் விரல் தன்னால், உருண்டு தப்புவதற்கான ரோல் பட்டனுக்குப் போகும். அவனோ தூக்கிய கையை அப்படியே நிறுத்தி வைத்திருப்பான். நாம் உருண்டு எழுந்திருக்கிற நொடியில் தடி இறங்கும். பதறி உருளுகிறவர்களுக்கென்றே செய்து வைத்த அடி அது. கை கீழே வரத் தொடங்கும்போதுதான் பட்டனைத் தொட வேண்டும். அதுவும் பின்பக்கம் உருளக் கூடாது, தடியின் நீளம் எட்டிவிடும். அவன் இடுப்பை ஒட்டி உள்ளே உருண்டால் முதுகு கிடைக்கும். கிடைத்ததும் ஒரு அடி, மிஞ்சினால் இரண்டு. மூன்றாவது அடிக்கு ஆசைப்பட்ட இடத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். தூரமாகப் போய், உயிரை ஏற்றும் குடுவையைக் குடிக்கப் பார்த்தால் பொன் கத்தியை எறிவான், அதனால் அவன் ஒரு அடி வீசி முடித்த இடைவெளியில் குடியுங்கள். முதல் சில ஆட்டங்களில் அடிக்கவே அடிக்காமல் உருண்டு மட்டும் பாருங்கள். வேகமாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

லெவல் ஏற்றும்போது எல்லாப் புள்ளியையும் பலத்தில் கொட்டுவது அடுத்த தவறு. உயிர் அளவைக் கூட்டுவது விகர். அது 40 ஆனால் உயிர் 1450, 60-க்கு 1900, உச்சமான 99-க்கு 2100. அதாவது 60-க்கு மேல் போடுவது கிட்டத்தட்ட வீண். 40 வரையாவது ஏற்றாமல் நடுப்பகுதிக்குள் போகாதீர்கள். அடியின் பலம் லெவலைவிட ஆயுதத்தை மேம்படுத்துவதில்தான் அதிகம் கூடும். அதற்கான ஸ்மிதிங் ஸ்டோன் என்ற கல் இருந்தால் அந்த முதல் சர்ச்சிலேயே +3 வரை ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம், கவசத்தின் எடை. சுமை 70 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் உருளுவது பொத்தென்று விழுவதாக மாறிவிடும்.

செத்த இடத்தில் விட்ட ரூனை (எதிரிகளைக் கொன்று சேர்ப்பது, லெவல் ஏற்றுவதும் இதை வைத்துத்தான்) எடுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவது பழக்கமாகிவிடும். வழியில் இன்னொரு முறை செத்தால் அது போயே போச்சு. போகட்டும், விடுங்கள். பதற்றத்தோடு ஓடினால் கற்ற எதுவும் கைக்கு வராது.

தரையில் தெரியும் மற்றவர்களின் ரத்தக்கறையை மிதித்துக்கொண்டே போகிறவர்களும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு நடுகல் தெரியும். மாடு மீட்கப் போய் விழுந்தவன், புலியோடு மோதி விழுந்தவன் என்று எப்படிச் செத்தான் என்பதைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருப்பார்கள். ரத்தக்கறையும் அப்படித்தான். தொட்டால் அந்த ஆட்டக்காரர் கடைசி சில நொடிகளில் என்ன செய்தார் என்பது நிழலாகத் தெரியும். ஒரு முனையில் நாலைந்து கறை இருந்தால் அங்கே எவனோ ஒளிந்திருக்கிறான் என்று அர்த்தம்.

துணைக்கு ஆவிகளை அழைப்பதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். குதிரை கிடைத்த பிறகு இரவில் அந்த முதல் சர்ச்சுக்கு வந்தால் ரென்னா என்ற சூனியக்காரி, ஆவியை அழைக்கும் மணியும் மூன்று ஓநாய் ஆவிகளும் தருவாள். கேமே கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன குறை?

கேமுக்கு வெளியிலும் சில விஷயங்கள். ஓசூரில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, நடுராத்திரியில் பாஸோடு மோதுகிற தம்பிகள் எத்தனையோ பேர். தூக்கக் கண்ணோடு டைமிங் வரவே வராது. அந்த நேரத்தில் ஸ்மிதிங் ஸ்டோன் பொறுக்குங்கள், வரைபடத்தைத் திறங்கள், பாஸை வார விடுமுறைக்கு வையுங்கள். டிவியில் ஆடுகிறவர்கள் கேம் மோடைப் போடாவிட்டால் பட்டன் அழுத்தியதற்கும் உருளுவதற்கும் இடையில் தாமதம் விழும், பழியை நம் கைமேல் போட்டுக்கொள்வோம். எல்டன் ரிங்கில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பட்டன் கிடையாது, மெனுவைத் திறந்தாலும் எதிரி நிற்க மாட்டான். அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கிரேஸில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

கம்ப்யூட்டரில் எல்டன் ரிங்குக்குக் குறைந்தது 12 ஜிபி ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். காலேஜுக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பில் திணறும், திணறினால் உருளுகிற நேரமும் தப்பும். அப்படியென்றால் 2018-இல் வந்த டார்க் சோல்ஸ் ரீமாஸ்டர்டில் தொடங்குங்கள், அதற்கு இவ்வளவு பலம் தேவையில்லை. அதே ஃப்ரம்சாஃப்ட்வேரின் இன்னொரு கேமான செகிரோவில் தொடங்க வேண்டாம். அதில் புள்ளி போட்டு உயிரை ஏற்றவும் முடியாது, துணைக்கு ஆள் அழைக்கவும் முடியாது. டார்க் சோல்ஸில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பாதிக் கேம் தாண்டும் வரை போன்ஃபயருக்குப் போன்ஃபயர் தாவ முடியாது. எவ்வளவு ஆழம் இறங்கினாலும் நடந்தே திரும்பி வர வேண்டும், அதற்குக் குடுவையில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.