துக்க வீட்டுக்கு ஜெபிக்கச் செல்கிறவர்களுக்கு

சபையில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தாலோ, ஒருவர் நீண்ட நாள் நோயில் படுத்துவிட்டாலோ, "போய் ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள்" என்று போதகர் நம்மில் சிலரை அனுப்புகிறார். அங்கே எதை வாசிப்பது, எவ்வளவு நேரம் இருப்பது, எந்த இடத்தில் பேசாமல் இருப்பது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீடு சந்திப்புக்குச் சென்றுவரும் ஒருவன் என்ற முறையில், தவறுகள் செய்து கற்றுக்கொண்டவற்றை, இனிமேல் செல்லப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

புறப்படும் முன் வேதாகமத்தில் 34-ஆம் சங்கீதத்தின் 18-ஆம் வசனத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள்: "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து, நருங்குண்ட ஆவியுள்ளவர்களை இரட்சிக்கிறார்." சமீபம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான் தேவன் அந்த வீட்டுக்குள் வருவார் என்பதில்லை. அவர் ஏற்கெனவே அங்கே, அழுகிறவர் பக்கத்தில் இருக்கிறார். நீங்கள் தேவனைக் கொண்டுபோகிறவர் அல்லர், அவர் இருக்கும் இடத்துக்குப் போகிறவர். இது மனதில் பதிந்துவிட்டால், அந்த வீட்டில் எதையாவது சாதித்துவிட்டு வர வேண்டும் என்ற பதற்றம் பாதி குறைந்துவிடும்.

லூக்கா 7-ஆம் அதிகாரத்தையும் வாசித்துவிட்டுச் செல்வது நல்லது. நாயீன் ஊர் வாசலில் ஒரு விதவையின் ஒரே மகனைச் சுமந்துவருகிறார்கள். கர்த்தர் அவளைப் பார்த்து, "அவள்மேல் மனதுருகி", கிட்ட வந்து பாடையைத் தொட்டார் என்று எழுதியிருக்கிறது. மரித்தவனின் உடலைத் தொடுகிறவன் ஏழு நாள் தீட்டுப்பட்டிருப்பான் என்பது எண்ணாகமம் 19-இல் உள்ள சட்டம். அப்படிப்பட்ட சமூகத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அவர் பாடையின் மேல் கையை வைக்கிறார். அந்தத் தாய் அவரிடம் எதையும் கேட்கவில்லை, அவளுக்கு விசுவாசம் உண்டா என்று அவரும் விசாரிக்கவில்லை. நாம் "மனதுருகி" என்றும், கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் "பரிவு கொண்டு" என்றும் காண்கிற அந்தக் கிரேக்கச் சொல், குடலையும் உள்ளுறுப்புகளையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஏற்பாட்டில் இரக்கத்துக்கு வழங்கும் "ரஹமீம்" என்ற எபிரெயச் சொல்லோ, கருப்பையைக் குறிக்கும் "ரெஹெம்" என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. "பெற்ற வயிறு பற்றி எரிகிறது" என்று பேசுகிற நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தேவனுடைய இரக்கம் மேலே இருந்து கீழே பார்த்து "பாவம்" என்று சொல்லுகிற இரக்கம் அன்று, வயிற்றில் புரளுகிற இரக்கம்.

நான் முதன்முதலில் செய்த பெரிய தவறு, நான்கு வயதுக் குழந்தையை இழந்த ஒரு வீட்டில் நடந்தது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போனேன். குழந்தையின் தாய் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு சிறிய மஞ்சள் சட்டையை மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். என்ன பேசுவதென்று தெரியாத பயத்தில், "தம்முடைய தோட்டத்துக்கு ஒரு பூ வேண்டுமென்று கர்த்தர் எடுத்துக்கொண்டார், அக்கா" என்று எங்கோ கேட்டதைச் சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "அவருக்கு எத்தனையோ பூ இருக்கே தம்பி, எனக்கு இது ஒண்ணுதானே இருந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் செய்த ஜெபம் எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. ஆறுதல் என்று நினைத்து, கொள்ளைக்காரனைப் போல் ஒரு தேவனை அந்த அறையில் நிறுத்திவிட்டு வந்தேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

ஆகவே காரணம் சொல்லாதீர்கள். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் மூன்று சிநேகிதர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று யோபு 2:13 சொல்லுகிறது. அவன் துக்கம் மகா கொடியது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல சிநேகிதர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய்" என்று காரணம் தேடத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம், புலம்பித் தீர்த்த யோபுவின் மேல் மூளவில்லை, தம்முடைய சார்பில் வாதாடிய அந்த மூன்று பேர் மேல்தான் மூண்டது. பிறவிக் குருடனைக் கண்டு, "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு முடித்துவிட்டார். "எல்லாம் நன்மைக்கே", "உங்கள் விசுவாசத்தைச் சோதிக்கிறார்", "இன்னும் ஊக்கமாக உபவாசித்திருந்தால்" போன்ற பேச்சுகளை வாசலிலேயே செருப்போடு விட்டுவிடுங்கள். தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்னும் ரோமர் 8:28 உண்மையான வசனம். ஆனால் அது, துன்பத்தைக் கடந்துவந்தவர் தாமே ஒரு நாள் சொல்ல வேண்டிய சாட்சி. நாம் அவர் தலையில் ஏற்றிவைக்க வேண்டிய பாரம் அன்று.

உள்ளே போனதும் அந்த வீட்டார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே உட்காருங்கள். அவர்கள் பாயில் இருக்கும்போது, உங்களுக்காக இழுத்துப் போடும் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து குனிந்து பேசாதீர்கள். ஏழை வீடானால், சந்திக்க வந்தவர்களுக்காகக் கடன் சொல்லிக் குளிர்பானம் வாங்கப் பையனை ஓட்டிவிடுவார்கள். அதற்கு முன்பே, "ஒரு சொம்பு தண்ணீர் போதும், அம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள். இது சிறிய காரியமாகத் தோன்றலாம். எபிரெயத்தில் ஏழை, ஒடுக்கப்பட்டவன், தாழ்மையுள்ளவன் என்ற பொருள்களைத் தரும் சொற்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஏசாயா 61:1-இல் "சிறுமைப்பட்டவர்கள்" என்று வருவது, நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு அதே பகுதியை வாசித்ததாக லூக்கா எழுதும் இடத்தில் "தரித்திரர்" என்று வருகிறது. வேதம் சொல்லும் தாழ்மை பலருக்கு அவர்கள் தேடிப் பழகிய குணம் அன்று, பிறரால் தள்ளப்பட்ட நிலை. அந்த நிலையில் இருப்பவரிடம், "இன்னும் தாழ்த்துங்கள்" என்று போதிப்பது கொடுமை. தாழ வேண்டியவர் வந்திருக்கிறவரே.

முதல் பத்து நிமிடம் கேளுங்கள். ஒருவர் பேசத் தொடங்கினால் இடைமறித்து வசனம் சொல்லாதீர்கள். குழந்தையில்லாத அன்னாள் ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டான். நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டேன் என்று அவளே விளக்க வேண்டியதாயிற்று. ஏலி கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை, கேட்காமல் பேசினான், அவ்வளவுதான். திருமணமாகிப் பல வருடங்கள் குழந்தையில்லாத தம்பதியர் வீட்டுக்குப் போகும்போது, ஏலியின் நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பதைப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு சங்கீதம் போதும். வழக்கமாக எல்லோரும் 23-ஐயோ 91-ஐயோ எடுப்பார்கள். 23 எப்போதும் ஏற்றது. ஆனால், "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று வாக்களிக்கும் 91-ஐ, வாதை கூடாரத்துக்குள் புகுந்துவிட்ட வீட்டில் வாசித்தால் அது குற்றச்சாட்டாக ஒலிக்கக்கூடும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் சங்கீதங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. தூக்கமில்லாமல் இரவைத் தள்ளும் நோயாளிக்கு 102-ஆம் சங்கீதம் பொருந்தும். அதில் ஒருவன், வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப் போல் விழித்திருக்கிறேன் என்கிறான். வெளிச்சமே தெரியாத நிலையில் இருப்பவருக்கு 88-ஐ வாசிக்கலாம். பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பும்போது, அது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. ஒருமுறை ஒரு முதியவருக்கு அதை வாசித்தபோது, "இப்படியும் பைபிள்ல இருக்கா?" என்று கேட்டு, நெடுநேரம் என் கையை விடாமல் பிடித்திருந்தார். தம் மனதில் இருந்ததைப் பாவம் என்று நினைத்து அவர் மறைத்து வைத்திருந்தார். சிலுவையில் இயேசுவும், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கூப்பிட்டார் என்பதை அவரிடம் சொன்னேன்.

ஜெபம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அதைப் பிரசங்கமாக்கி, தேவனிடம் பேசுவதுபோல் வீட்டாருக்குப் புத்தி சொல்லாதீர்கள். மரித்தவரின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டார் உங்களிடம் சொன்ன ஒன்றை, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே தேவனுக்கு முன் வையுங்கள். ஆனால் தனிமையில் சொன்ன இரகசியமானால், பலர் கூடியிருக்கும்போது ஜெபத்தில் அதை வெளியிடாதீர்கள். 56-ஆம் சங்கீதத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று ஒரு விண்ணப்பம் உண்டு. கொல்லன் உலைத் துருத்தி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். இங்கே பொருள், தண்ணீரும் திராட்சரசமும் ஊற்றி வைக்கும் தோல்பை. வறண்ட நாட்டில் ஒரு சொட்டும் சிந்தாமல் காப்பாற்றும் பை அது. வேறு வார்த்தை வராதபோது நான் அந்த ஒரு வரியையே ஜெபமாகச் சொல்லி ஆமென் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு அழுகை வந்தால் அழுங்கள். மரித்த லாசருவைச் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிற இயேசுவே அவன் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார்.

இனி, பலர் விட்டுவிடுகிற பகுதி. தீர்க்கதரிசியாகிய எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். எலியா புசித்து மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாம் முறையும் அதே அடை, அதே தண்ணீர். சாப்பாடும் உறக்கமும் முடிந்த பிறகு, ஓரேப் மலையில்தான் பேச்சு. ஆகையால் வெறுங்கையோடு போகாதீர்கள். இட்லியோ, கஞ்சியும் துவையலுமோ, திருப்பித் தர வேண்டியிராத பாத்திரத்தில் கொண்டுபோங்கள். மருத்துவமனைக்கு யார் கூட இருக்கப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு யார் அழைத்துப்போவார்கள், மின்கட்டணம் கட்டியாயிற்றா என்று விசாரியுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதற்குப் பதிலாக, "நாளை காலை ஆறு மணிக்கு நான் வந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடாதிருந்தால் பயன் என்ன என்று யாக்கோபு தம் நிருபத்தில் கேட்பது நம்மைப் போன்றவர்களைத்தான். எலியாவைப் போல் ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால், அதை விசுவாசக் குறைவு என்று எண்ணி ஜெபத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அவரைத் தனியே விடாமல், வீட்டாருக்குச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் இலவசமாகப் பேசலாம்.

கடைசியாக, திரும்பப் போவது பற்றி. முதல் வாரம் வீடு நிறைந்திருக்கும். ஆறுதல் கூட்டம் முடிந்து, உறவினர்கள் ஊர் திரும்பி, வாடகைக்கு எடுத்த நாற்காலிகளும் போன பிறகுதான் துக்கம் தன் முழு உருவத்தைக் காட்டும். குழந்தையை இழந்த அந்தத் தாயின் வீட்டுக்கு நான் மறுபடி போக ஐந்து வாரம் ஆயிற்று, வெட்கம் தடுத்தது. போனபோது அவர் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவினேன். அரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவராகவே, குழந்தைக்குக் கீரை பிடிக்காது, சோற்றுக்குள் மறைத்து ஊட்டுவேன் என்று சொல்லத் தொடங்கினார். அன்று மாலைவரை சொல்லிக்கொண்டே இருந்தார். புறப்படும்போது, "ஜெபம் பண்ணிட்டுப் போ தம்பி" என்று அவரே கேட்டார்.

மரித்தவரின் பிறந்த நாளையும் மரித்த நாளையும் உங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிறிஸ்துமஸ் அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டமாட்டார்கள். அன்றைக்குப் பலகாரத் தட்டை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே போய் உட்காருங்கள். ஓராண்டு கழிந்தபின் அந்தப் பெயரை உச்சரிக்க எல்லோரும் தயங்குவார்கள். நீங்கள் தயங்காமல் பெயரைச் சொல்லி, "இன்றைக்கு அவனை நினைத்துக்கொண்டேன், அக்கா" என்று சொல்லுங்கள்.