கான்கிரீட் போடும் நாளில் ‘நிறுத்துங்கள்’ என்று யார் சொல்வது?

எங்கள் வீட்டின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட வேண்டிய காலை. கலவை இயந்திரம் சுழலத் தொடங்கிவிட்டது. சிமெண்டைக் கொட்டுவதுதான் பாக்கி. ஆட்கள் சட்டிகளோடு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் மேற்பார்வைப் பொறியாளர் மட்டும் சென்ட்ரிங் பலகைமீது மண்டியிட்டு, கம்பிக்கு அடியில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு மூலையில் விரல் நுழையவில்லை. கம்பியைப் பலகையிலிருந்து 20 மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்க வேண்டிய கவர் பிளாக்குகள் அங்கே வைக்கப்படவே இல்லை.

“மேஸ்திரி, இயந்திரத்தை நிறுத்துங்கள்” என்றார்.

“கான்கிரீட் கொட்டும்போது கம்பியைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம் சார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறோம்.”

“பிளாக் வைத்த பிறகு போடலாம்.” குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் வேலை நின்றது. கம்பிக்கு அடியில் அந்த 20 மில்லிமீட்டர் இடைவெளி இல்லாமல் போயிருந்தால் கம்பிக்கு ஈரம் எட்டும். துருப்பிடித்த கம்பி உப்பும். கூரையின் அடிப்பக்கம் விரிசல் விட்டு உதிரும். அது தெரியவருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும்.

அதற்கு முன் என் பெற்றோருக்காகக் கட்டிய வீட்டில் இப்படி நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை. நான் அலுவலகம் முடிந்து இருட்டும் நேரத்தில் போய் எட்டிப் பார்ப்பேன். ஒப்பந்ததாரரே கட்டினார், அவரே மேற்பார்த்தார், அவரே அளந்தார், அவரே பில் எழுதினார். குடியேறிய பிறகு குளியலறைச் சுவரில் ஈரம் ஏறியது. சுவருக்குள் புதைத்த தண்ணீர்க் குழாயைப் பூசுவதற்கு முன் யாரும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒட்டிய ஓடுகளைப் பெயர்த்தார்கள். முழங்கால் வலியோடு என் அம்மா ஒரு மாதம் பக்கத்து வீட்டுக் குளியலறைக்குப் போய்வந்தார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே, வீடு கட்டப் போகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான்: கட்டுகிற கையும் சரிபார்க்கிற கையும் வேறு வேறாக இருக்கட்டும். ஒப்பந்ததாரர் நாணயமானவராகவே இருக்கலாம். ஆனால் வேலை நின்றால் அவருக்குக் கூலி நஷ்டம். தன் நஷ்டத்துக்குத் தானே உத்தரவிடும்படி ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்பவர்கள் வாரத்தில் எத்தனை பகல்களைக் கட்டுமான இடத்தில் கழிக்க முடியும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். மாலை நேர எட்டிப்பார்த்தல் கணக்கில் சேராது. மூட வேண்டியதையெல்லாம் அதற்குள் மூடியிருப்பார்கள். தினமும் நிற்க முடிந்தவர்கள் பொருள் வாங்குவதையும் ஆள் வரவையும் தாங்களே கவனிக்கலாம். ஆனால் அவர்களும் கம்பி, கான்கிரீட் வேலைகளைப் பார்வையிட ஒரு பொறியாளரை அமர்த்திக்கொள்வதே நல்லது. வரைபடம் போட்ட கட்டடக் கலைஞரிடமே மேற்பார்வையை ஒப்படைப்பதானால், நேரில் வரப்போவது அவரா, உதவியாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நெருங்கிய உறவினரை மட்டும் வேண்டாம் என்பேன். அவரிடம் கணக்கும் கேட்க முடியாது, தவறு நடந்தால் மாற்றவும் முடியாது.

மேற்பார்வைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்க, அவர் மேற்பார்த்து முடித்த அழகான வீட்டைப் பார்ப்பதைவிட, இப்போது அவர் பார்வையில் பாதியில் இருக்கும் வேலையைப் பார்ப்பது பயன் தரும். உரிமையாளரின் அனுமதியோடு, முன்கூட்டிச் சொல்லாத ஒரு நாளில் போங்கள். சிமெண்ட் மூட்டைகள் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமீது அடுக்கப்பட்டிருக்கின்றனவா? புதிதாகப் போட்ட கான்கிரீட் குறைந்தது 7 நாளாவது ஈரம் காயாமல் காக்கப்படுகிறதா? எந்த நாளில் என்ன பார்த்தார், என்ன திருத்தச் சொன்னார் என்று எழுதிய குறிப்பேடு இருக்கிறதா? நான் அமர்த்தியவரின் குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே தூணைப் பற்றியது. வளையக் கம்பிகளின் இடைவெளி வரைபடத்தில் இருப்பதைவிட அகலம் என்று எழுதி, பிரித்துக் கட்டவைத்து, மறுநாள் தேதியோடு ‘சரி’ என்று கையெழுத்திட்டிருந்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் அவரை முடிவு செய்தேன்.

பேசும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் விடுவீர்கள்? ‘பதம் பார்த்து ஊற்றுவோம்’ என்பவர் வேண்டாம். 25 லிட்டரை ஒட்டி ஒரு கணக்கைச் சொல்லி, ‘மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும்’ என்பவருக்கு வேலை தெரியும். தண்ணீர் கூடினால் கலவை எளிதாக ஓடும், ஆனால் வலு குறையும். அடுத்த கேள்வி: கடைசியாக எந்த வேலையைப் பிரித்துச் செய்யச் சொன்னீர்கள்? பதில் வரவில்லையென்றால் அவர் சரியாகப் பார்ப்பதில்லை என்றே நினைப்பேன்.

கட்டணத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசாதீர்கள். செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும். அஸ்திவாரம், தளம், பூச்சு என்று கட்டம் கட்டமாக நிலையான தொகையாக வைத்துக்கொள்ளுங்கள். பொருள் விற்பவர்களிடம் தரகு வாங்கமாட்டார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் மிக முக்கியமான பகுதி, அவர் கையெழுத்தில்லாமல் மூடக் கூடாதவை எவை என்பது. அஸ்திவாரக் குழி, எல்லாக் கம்பி வேலையும், தளத்துக்குள் போகும் மின்குழாய்கள், அழுத்தச் சோதனை முடியாத தண்ணீர்க் குழாய், 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்க்காத குளியலறைத் தரை. இவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள். கான்கிரீட் போடும்போதெல்லாம் அதிலிருந்து 150 மில்லிமீட்டர் கனசதுர மாதிரிகள் எடுத்து 7ஆம் நாளும் 28ஆம் நாளும் வலுவைச் சோதிக்க வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரருக்கான பணமும் இவர் அளந்து கையெழுத்திட்ட பிறகே போக வேண்டும். இதை ஒப்பந்ததாரரிடமும் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். நடுவில் சொன்னால் அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்.

அவர் வர முடியாத நாளில் யார் வருவார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். எங்களவர் காய்ச்சலில் படுத்தபோது மாற்று ஆள் இல்லை. தூண் கான்கிரீட்டை இரண்டு நாள் தள்ளிவைக்கும்படி படுக்கையிலிருந்தே மேஸ்திரிக்குத் தொலைபேசியில் சொன்னார். மூன்றாம் நாள் காலை வந்து, முதலில் கம்பிகளின் இடைவெளியை அளந்தார்.